அப்பொல்லோவுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்



பாஸ்கா காலம் ஆறாம் வாரச் சனிக்கிழமைத் திருப்பலியின் முதல் வாசகத்தை நம்மில் மிகச் சிலரே கேட்டிருப்போம். அன்று காலையில் நம் ஆலயத்தில் ஏறத்தாழ இருபது பேர் இருந்தோம். திருத்தூதர் பணிகள் நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் ஐந்தாறு வசனங்கள் அவை. அதற்குமுன் பலமுறை அவற்றை வாசித்திருக்கிறேன், மறையுரையும் ஆற்றியிருக்கிறேன். ஆனால் இவ்வாண்டு அவை என்னை விட்டு அகலவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இவ்வாரச் சிந்தனையை எழுதுகிறேன். இதில் என் குற்றமும் அடங்கியிருப்பதால் பொறுமையோடு வாசியுங்கள்.

எபேசு நகருக்கு அப்பொல்லோ என்பவர் வருகிறார். அலக்சாந்திரியாவில் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர், மறைநூலில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றவர். இயேசுவைப் பற்றி அவர் கற்பித்தவற்றில் பிழை இல்லை, ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆயினும் அவர் அறிந்திருந்தது யோவானின் திருமுழுக்கு மட்டுமே. தொழுகைக்கூடத்தில் அவர் துணிவோடு பேசுவதைப் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் கேட்கிறார்கள். அவர்கள் கூடாரம் செய்து பிழைக்கும் தம்பதியர். அவர்கள் அப்பொல்லோவை மக்கள் நடுவில் மறுத்துப் பேசவில்லை, மேலிடத்துக்குப் புகாரும் அனுப்பவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துச் சென்று, கடவுளின் நெறியை இன்னும் துல்லியமாக விளக்குகிறார்கள். பிறகு அவர் அக்காயாவுக்குப் போக விரும்பியபோது, எபேசில் இருந்த சகோதரர்கள் அங்குள்ள சீடர்களுக்கு மடல் எழுதி அவரை ஏற்றுக்கொள்ளக் கேட்கிறார்கள். கொரிந்தில் பவுல் நட்ட பயிருக்கு நீர் பாய்ச்சியவராக அவர் பின்னாளில் அறியப்பட்டார்.

கற்றறிந்த ஆசிரியர் ஒருவர் மேலும் கற்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் அவருக்கு மேலதிகாரிகள் அல்லர். கற்றல் நடந்த இடமும் மேடை அல்ல. ஓர் ஊரில் கற்றது அடுத்த ஊரின் திருச்சபைக்குப் பயன்படுகிறது. தொடக்கத் திருச்சபையின் ஆசிரியர்கள் இவ்வாறுதான் ஒருவரையொருவர் வளர்த்தார்கள்.

இனி நம் பள்ளிக்கு வருவோம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் நம் பங்குப் பள்ளி ஆசிரியர் மூவர் ஒரு விண்ணப்பத்துடன் என்னிடம் வந்தனர். ஒருவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒருவர் எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர். மற்றவர் அறிவியல் ஆசிரியை. நம் மறைவட்டத்தில் அருகருகே இருக்கும் நான்கு பங்குப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகலில் மூன்று மணி நேரம் கூடிப் பேச அனுமதி வேண்டும் என்பதே கோரிக்கை. ஒரு மாதம் நம் பள்ளியில், அடுத்த மாதம் வேறொரு பள்ளியில். ஒவ்வொருவரும் தம் வகுப்புப் பிள்ளைகளின் குறிப்பேடுகளில் இரண்டு மூன்றை எடுத்துவந்து, எந்த இடத்தில் பிள்ளை தடுமாறுகிறது, நான் செய்து பார்த்தது என்ன, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பேசுவார்கள். பணமோ சிறப்பு விருந்தினரோ அவர்கள் கேட்கவில்லை.

தாளாளர் என்ற முறையில் நான் சொன்ன விடை: "பார்க்கலாம்."

தாளாளர் "பார்க்கலாம்" என்றால் அதற்கு என்ன பொருள் என்று நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்கள் மீண்டும் கேட்கவில்லை.

அந்த மூவரில் மூத்தவரான மூன்றாம் வகுப்பு ஆசிரியை இந்த ஏப்ரலில் பணி நிறைவு பெற்றார். முப்பத்தோர் ஆண்டுகள் ஒரே வகுப்பில் கற்பித்தவர். நாம் அனைவரும் கூடிப் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரைத்து, விருந்து உண்டோம். மறுநாள் பீரோ சாவியை ஒப்படைக்க வந்தவரிடம், இத்தனை ஆண்டுகளாக அவர் எழுதிவைத்த கையேடுகள் எங்கே என்று கேட்டேன். அவருடைய வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் வாசித்துவிடும் என்பது ஊரறிந்த செய்தி. எந்தப் பிள்ளை "கொடி" என்ற சொல்லின் முதல் எழுத்தைக் "கெ" என்றும் துணைக்கால் என்றும் பிரித்துப் படிக்கிறது, எந்தப் பிள்ளை ரகர றகரத்தில் நிற்கிறது, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்தை வைத்தால் அந்தப் பிள்ளைக்கு எளிதாகிறது என்று ஆண்டுதோறும் பெயர் பெயராகக் குறித்துவைத்தவர் அவர்.

"பழைய வினாத்தாள்களோடு சேர்த்துக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன், ஃபாதர். யாரும் கேட்கவில்லையே" என்றார்.

அவர் குரலில் கசப்பு இல்லை. இன்னும் ஓர் ஆண்டே பணிக்காலம் இருக்கும்போது, தாம் அறிந்ததைப் பிறரிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் அந்த ஜூன் மாதத்தில் அவர் வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பத்தோர் ஆண்டு அறிவைப் பழைய தாள் கடைக்கு அனுப்பியது அவரல்ல, நான். வரும் ஜூனில் அவருடைய வகுப்பறையில் நிற்கப்போகும் இளம் ஆசிரியை எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து, தனியாக, பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடிக்கும்வரை வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

அன்று அனுமதி மறுக்க என்னிடம் நான்கு காரணங்கள் இருந்தன. மூன்றை வெளியே சொன்னேன். நான்காவதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கையும் இங்கே எடுத்துவைத்து மறுக்கிறேன். ஏனெனில் அவை என்னுடைய காரணங்கள் மட்டுமல்ல. பல கத்தோலிக்கப் பள்ளி நிருவாகங்களிலும், நீங்கள் பெற்றோராக அமர்ந்து பேசும் கூட்டங்களிலும் இவையே ஒலிக்கின்றன.

முதல் காரணம், நேரமில்லை என்பது. சனிக்கிழமை பிற்பகலில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. அதை நிறுத்தினால் பெற்றோர் வருவார்கள். உண்மைதான், நீங்கள் வருவீர்கள். ஆனால் கணக்குப் பார்ப்போம். மாதத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் பள்ளி நடக்கும் பத்து மாதங்களில் முப்பது மணி நேரம். ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் ஒவ்வோர் ஆசிரியரும் தம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எதிர்பார்க்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குப் பல வேறுபாடுகள் இருக்கலாம். இந்த ஒன்றில் அது நம்மைவிட ஆசிரியரை மதித்திருக்கிறது. விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்க ஒரு வாரம் ஒதுக்குகிறோம். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் ஒதுக்குகிறோம். பங்குத் திருவிழாவின்போது பள்ளி மைதானத்தில் பந்தல் போட இரண்டு நாள் வகுப்பையே நிறுத்துகிறோம். ஆசிரியர் ஆசிரியரோடு பேச மட்டும் நேரமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வருகிறது.

இதில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நேரம் இல்லை என்பவர்கள் பெரும்பாலும், "ஞாயிறன்று கூடட்டும், மாலை ஆறு மணிக்குமேல் கூடட்டும்" என்று வழிகாட்டுவார்கள். நம் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்பும் முதியோரும் தம் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கின்றன. அவர்களுடைய ஓய்வைப் பறித்து நடத்தும் கற்றல், கற்றலாக இராது, சுமையாகும். ஆசிரியர் கற்பது பள்ளிப் பணியின் ஒரு பகுதி என்று நம்பினால் அதைப் பள்ளி நேரத்தில் வைக்க வேண்டும். நம்பாவிட்டால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் காரணம், பயிற்சிதான் ஏற்கெனவே கொடுக்கிறோமே என்பது. பள்ளி திறக்கும் முன் ஒருநாள் கருத்தரங்கு உண்டு. நகரத்திலிருந்து வல்லுநர் வருவார். திரையில் படங்கள் காட்டுவார். மதிய உணவுக்குப் பின் பாதிப்பேர் உறங்குவர். இறுதியில் குழுப் படம் எடுத்துக்கொள்வோம். அரசின் வட்டார வள மையத்திலிருந்தும் பயிற்சிக்கு அழைப்பு வரும். போதாக்குறைக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் நாள்தோறும் சுற்றறிக்கையும் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் வருகின்றன. இவற்றில் எதையும் நான் இழிவுபடுத்தவில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் சொல் மேலிருந்து கீழே வருகிறது. "என் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை, மூன்று வழிகளில் சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன்" என்று ஓர் ஆசிரியர் சொல்ல அங்கே இடம் எங்கே? வல்லுநர் முன்னிலையில் சொன்னால் அவமானம். தலைமையாசிரியர் இருக்கும் குழுவில் எழுதினால் அது பதிவாகிவிடும். ஆகவே நம் ஆசிரியர்கள் தோல்வியை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். மறைத்த நோய்க்கு மருந்து இல்லை.

வேறு வழி இருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். அவர்களில் ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவர்களுடைய கண் நடத்துபவரின் திறமைமீது இராது. பிள்ளை எந்த இடத்தில் புரிந்துகொண்டது, எந்த இடத்தில் விழித்தது என்பதையே குறிப்பார்கள். பிறகு அமர்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். தவறு பாடத்துடையது, ஆசிரியருடையது அன்று. பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் அப்பொல்லோவிடம் நடந்துகொண்ட முறைக்கு இது எவ்வளவு நெருங்கியது பாருங்கள்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. 1679ஆம் ஆண்டில் பிரான்சின் ரேம்ஸ் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கெனச் சில பள்ளிகள் தொடங்கின. ஆசிரியர்களோ முறையான பயிற்சி இல்லாதவர்கள், வறியவர்கள். அவர்களுக்கு உதவ முன்வந்த இளங்குரு யோவான் பாப்டிஸ்ட் தெ லா சால், அந்நகர்ப் பேராலயக் குருக்குழுவின் உறுப்பினர், செல்வர் வீட்டுப் பிள்ளை. அந்த ஆசிரியர்களைத் தம் வீட்டு ஏவலரைவிடத் தாழ்ந்தவர்களாகத் தாம் எண்ணியிருந்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டு எழுதினார். முதலில் தம் மேசையில் அவர்களை உணவுக்கு அழைத்தார். 1681இல் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். உறவினர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறி ஆசிரியர்களோடு வாடகை வீட்டில் குடியேறினார். பின்னர்ப் பேராலயப் பதவியையும் துறந்தார். சொத்தைப் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்துதான் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் என்ற சபை பிறந்தது.

அந்தச் சபையின் பள்ளி நடத்தும் கையேடு அவர் இறந்த மறு ஆண்டில், 1720இல் அச்சேறியது. அதை எழுதியவர் தனியறையில் அமர்ந்த அறிஞர் ஒருவர் என்று நினைக்காதீர்கள். அனுபவம் மிக்க சகோதரர்கள் பலமுறை கூடிப் பேசி, வகுப்பறைகளில் ஆண்டுக்கணக்கில் செய்துபார்த்துத் திருத்திய நூல் என்று அதன் முன்னுரை கூறுகிறது. இலத்தீனில் தொடங்காமல் பிள்ளைகளின் தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கக் கற்பித்தது முதலான அவர்களுடைய துணிவான மாற்றங்கள் இத்தகைய சகோதரத்துவத்தில் விளைந்தவை. இம்மனிதரைத்தான் 1950ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய படத்தை ஆசிரியர் அறையில் மாட்டுகிறோம். அவர் ஆசிரியர்களுக்குப் போட்ட மேசையை மட்டும் வெளியே தள்ளிவிட்டோம்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஊர் ஊராகப் பணியாற்றிய வேதியர்களுக்கென்று வீரமாமுனிவர் "வேதியர் ஒழுக்கம்" எழுதினார். கற்பிப்பவர் தம் பணியில் வளர வேண்டும், அதற்குத் துணை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றாம் காரணம், நம் பள்ளியின் சிறப்பை அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் என்பது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "நம்ம கணக்கு வாத்தியார் கஷ்டப்பட்டு உருவாக்கியதை அவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவார்களா?" என்பதே என் சொற்கள். அடுத்த பள்ளி யாருடையது? அதே மறைமாவட்டத்தின் பள்ளி, அதே மறைவட்டத்தின் பள்ளி. அங்கே படிப்பவர்கள் நம் பங்கில் திருமணமாகிப் போன பெண்களின் பிள்ளைகள்.

தமிழ்நாட்டு அரசு 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில அளவிலான தரவரிசையை வெளியிடுவதை நிறுத்தியது. பிள்ளைகளை ஒருவருக்கெதிராக ஒருவரை ஓடவிடுவது நல்லதன்று என்று அரசுக்கே புரிந்தது. நமக்கு இன்னும் புரியவில்லை. தேர்வு முடிவு வந்த மறுநாள் ஆலய வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நம் பள்ளியின் ஃபிளெக்ஸ் பதாகை ஏறுகிறது. இருநூறு அடி தள்ளி அடுத்த கத்தோலிக்கப் பள்ளியின் பதாகை. இரண்டிலும் மேலே இயேசுவின் திருஇதயப் படம். கீழே நூறு விழுக்காட்டுப் போட்டி. கொரிந்து மக்கள் தங்களைப் பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி, கேபாவின் கட்சி என்று பிரித்துக்கொண்டபோது பவுல் என்ன கேட்டார் என்பதை உங்கள் விவிலியத்தில் எடுத்துப் பாருங்கள். அந்தக் கேள்வி இன்று நம் பதாகைகளைப் பார்த்துக் கேட்கப்படுகிறது.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதில், கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது பெரிதும் ஆசிரியர்களைப் பொறுத்தது என்று சங்கம் கூறுகிறது. ஆசிரியர்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள எப்போதும் அணியமாக இருக்க வேண்டும் என்றும், அவர்கள் தங்களுக்குள்ளும் மாணவரோடும் அன்பால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறது. கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்று இறுதிப் பகுதியில் தனியே வலியுறுத்துகிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு தாளாளரின் நாற்காலியில் அமர்ந்தபோது அதில் ஒரு வரிகூட என் நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்காவின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து ஆந்தனி பிரைக், வலேரி லீ, பீட்டர் ஹாலண்ட் ஆகியோர் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் அடையும் கல்வியில் இருக்கும் இடைவெளி அப்பள்ளிகளில் ஏன் குறைகிறது என்று அவர்கள் தேடினார்கள். எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம், பள்ளி ஒரு குடும்பமாக இயங்குதல், ஆசிரியர்கள் தங்கள் பாடத்தோடு நின்றுவிடாமல் ஒருவருக்கொருவரும் மாணவருக்கும் பொறுப்பேற்றல் ஆகியவற்றை அவர்கள் முன்வைத்தார்கள். அதாவது, கத்தோலிக்கப் பள்ளியின் வலிமை அதன் கட்டடத்தில் இல்லை. அங்கே மனிதர்கள் ஒருவரோடொருவர் வாழும் முறையில் இருக்கிறது. அந்த வலிமையை நாமே அறுத்துவிட்டு நான்கு மாடிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுகிறோம்.

ஆங்கில வழிப் பள்ளியின் ஆசிரியர் தமிழ் வழிப் பள்ளியின் ஆசிரியரோடு அமர வேண்டும். நகரத்துப் பள்ளி கடற்கரைக் குப்பத்துப் பள்ளியிடம் கற்க வேண்டும். வீட்டில் எழுத்தே இல்லாத பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுத்தவர், எல்லா வசதியும் உள்ள பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பவரைவிடக் கூடுதலாக ஏதோ அறிந்திருக்கிறார். அலக்சாந்திரியாவின் கல்விமான் கூடாரத் தொழிலாளிகளிடம் கற்றார். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

இனி நான்காம் காரணம். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் அஞ்சினேன். நான்கு பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினால் பாடம் மட்டுமா பேசுவார்கள்? ஊதியமும் பேசுவார்கள். அரசு உதவி பெறும் பணியிடத்தில் இருப்பவர் வாங்குவது ஒரு தொகை. அதே வகுப்பறையின் அடுத்த சுவருக்கு அப்பால் அதே வேலையைச் செய்யும், நிருவாகம் நியமித்த ஆசிரியை வாங்குவது அதில் ஒரு சிறு பங்கு. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை நால்வர் சேர்ந்து சொன்னால் அது கோரிக்கையாகிவிடும் என்று அஞ்சினேன். ஆகவே அவர்களைத் தனித்தனியே வைத்திருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்புக்குரியவர்களே, இதற்குப் பெயர் நிருவாகத் திறமை அன்று. நீதியின்மேல் கொண்ட அச்சம். அவர்கள் ஊதியம் பற்றிப் பேசினால், அது பேசப்பட வேண்டியதாக இருக்கிறது என்றே பொருள். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினராகிய நமக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆசிரியர் நியமனத்தில் யாராவது தலையிட்டால் அந்தப் பிரிவை உடனே எடுத்துக்காட்டுகிறோம், நீதிமன்றம்வரை செல்கிறோம். செல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமை எதற்காகக் கொடுக்கப்பட்டது? நம் பிள்ளைகள் நம் நம்பிக்கைக்கும் மரபுக்கும் ஏற்றவாறு வளர வேண்டும் என்பதற்காக. ஆசிரியரை அச்சத்தில் வைப்பதற்கு அது கேடயம் ஆகாது.

இன்னொரு தயக்கத்தையும் சிலர் என்னிடம் சொன்னார்கள். நம் பள்ளிகளில் இந்து, இசுலாமிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களும் வந்தால் அது கத்தோலிக்கக் கூட்டம் ஆகுமா என்று. அவர்கள் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதியானவர்கள் என்றால் நம் மேசையில் அமரவும் தகுதியானவர்களே. கூட்டத்தைக் கத்தோலிக்கக் கூட்டம் ஆக்குவது வருகைப்பதிவு அன்று. கடைசி வரிசைப் பிள்ளையை முன்வைத்துப் பேசுவதே.

அதே வேளையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இத்தகைய கூட்டங்கள் கெட்டும் போகலாம். புறம் பேசும் இடமாகலாம். இரண்டு பேர் மட்டும் பேச மற்றவர்கள் கேட்கும் மேடையாகலாம். ஆறு மாதத்தில் தேநீர் மட்டும் எஞ்சலாம். ஆனால் கெட்டுப்போகக்கூடும் என்பதற்காக எதைத்தான் நாம் தொடங்காமல் விட்டோம்? பங்குப் பேரவை கெட்டுப்போனதில்லையா? அன்பியக் கூட்டங்களில் சண்டை வந்ததில்லையா? அவற்றைக் கலைக்கவில்லை, திருத்தினோம்.

ஆகவே நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். அந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, ஓராண்டு தாமதமாக ஒப்பமிட்டேன். ஜூலை முதல் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நம் பள்ளி நூலகத்தில் முதல் கூட்டம். அன்று பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு இராது. தாளாளரும் தலைமையாசிரியர்களும் அழைக்கப்பட்டாலன்றி உள்ளே வரமாட்டோம். பேசியதைப் பற்றிய அறிக்கை எதுவும் எனக்கு வர வேண்டியதில்லை. மற்ற மூன்று பள்ளிகளின் தாளாளர்களுக்கும் எழுதினேன். இருவர் இசைந்தார்கள், ஒருவர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை, மீண்டும் எழுதுவேன்.

பணி நிறைவு பெற்ற மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் வீட்டுக்கும் போய்வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். முதல் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையேடுகள் போய்விட்டன, நினைவில் இருப்பதைச் சொல்வதாகக் கூறினார். புதிய ஆசிரியை அவரருகே அமர்வார்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பெற்றோர்களே, அந்தச் சனிக்கிழமைகளில் வகுப்பு ஏன் இல்லை என்று கேட்டுப் பள்ளி வாசலுக்கு வராதீர்கள். வருவதானால், "இந்த மாதம் என்ன கற்றீர்கள்?" என்று ஆசிரியரிடம் கேட்க வாருங்கள். பங்குப் பேரவை உறுப்பினர்களே, மற்றப் பள்ளிகளிலிருந்து வருவோரின் பேருந்துச் செலவையும் தேநீரையும் பங்கு ஏற்கட்டும். திருவிழா வாணவேடிக்கையில் சிறிது குறைந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உங்கள் பீரோவில் இன்னும் கையேடுகள் இருந்தால் கடைக்கு அனுப்புமுன் எங்களிடம் கொண்டுவாருங்கள். கேட்பதற்கு இப்போது ஆள் இருக்கிறது.

பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்ததையும் கற்பித்ததையும் இயேசுவிடம் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். போதகர்களுக்கெல்லாம் போதகர் அவர்களை அமரவைத்துக் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

மன்றாடுவோம்: ஆண்டவரே, ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேட்டும் வினவியும் வளர்ந்த சிறுவரே, எங்கள் ஆசிரியர்களை ஒரே மேசையில் அமர்த்தும். தமக்குத் தெரியாததைச் சொல்லும் துணிவை அவர்களுக்கும், அவர்கள் பேசுவதைக் கண்டு அஞ்சாத மனத்தை அவர்களுக்கு மேலே அமர்ந்திருக்கும் எங்களுக்கும் தாரும். ஆமென்.

இறையாசி உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை